திரையில் வராதது கணக்கில் வராது

தமயந்தியோடு வாதாடி ஜெயித்தவர் திருச்சியில் ஒருவரும் கிடையாது. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. அவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் கைப்பேசியில் அவளுடைய அடுத்த பதில் வந்து உட்கார்ந்திருக்கும். பகலில் அவள் புத்தூரில் ஒரு மழலையர் பள்ளியில் யூகேஜி டீச்சர். பிள்ளைகள் அவள் துப்பட்டாவைப் பிடித்தால் விடமாட்டார்கள். சாயங்காலமானால் அஸ்லமின் மொபைல் சர்வீஸ் கடை மாடியில் ஆஜராகிவிடுவாள். உட்காரமாட்டாள். நடந்துகொண்டே பேசுவாள், பேசிக்கொண்டே நகம் கடிப்பாள். மற்றவர்களுக்கும் சேர்த்துத் தலை சுற்றும்.

மாடியில் கூடுவது அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் பைத்தியங்கள். பத்துப் பதினைந்து பேர் வந்து போனாலும், நாள் தவறாமல் வருவது தமயந்தி, கடைக்காரன் அஸ்லம், ஜெரால்டு என்ற மூவர்தான். மூவரும் கல்லூரிக் காலத்துச் சிநேகிதம். ஜெரால்டு தனியார் டவுன் பஸ் ஓட்டுகிறவன். கதவை அடைக்கிற மாதிரி உடம்பு. வாயைத் திறந்தால் நாலு சொல் வந்தால் அதிகம்.

ஒரு நாள் சண்டை 'கந்தக நகரம்' பற்றி. ஜப்பானில் வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கும் தொடர். கதாநாயகன் ஹிபாரு வாரா வாரம் அடி வாங்குவான். எலும்பெல்லாம் நொறுங்கி விழுவான். பிறகு தள்ளாடி எழுந்து ஒரு வசனம் பேசுவான், எதிரி காலி. வில்லன் சென்ரோகு பேசவே மாட்டான். வருவான், ஒரு வெட்டு, போய்விடுவான்.

"பலம்னா சென்ரோகுதான்," என்றான் ஜெரால்டு.

"ஒரே வெட்டு வெட்டிட்டுப் போறது பலமாடா? விழுந்து விழுந்து எந்திரிக்கிறான் பாரு, அதுதான் பலம்!"

"அவன் கெட்டவனும் இல்ல. அணை ஒடைஞ்சு கீழ ஊரு போயிரக் கூடாதுன்னுதான் மதகைத் தொறந்தான்."

தமயந்தி நடையை நிறுத்திவிட்டாள். "எங்க காட்டுனாங்க? எந்த எபிசோடு?"

"காட்டல. அவன் மூஞ்சியப் பாத்தாத் தெரியுது."

"மூஞ்சியாவது முகரையாவது! இந்தாப்பா, எல்லாரும் கேட்டுக்குங்க. திரையில வராதது கணக்குல வராது. அவ்வளவுதான். இல்லைன்னா ஆளாளுக்கு மனசுல ஒரு கதையை வச்சுக்கிட்டு வில்லனை எல்லாம் சாமியாக்கிருவீங்க!"

மாடி கைதட்டியது. ஜெரால்டு ரோஸ்மில்க்கின் மிச்சத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தான். அவன் தோற்றது அப்படித்தான். ஜெயித்தாலும் அப்படித்தான் இருந்திருப்பான்.

'துலா' என்ற கம்பெனி அவர்களைத் தேடி வந்தது அந்த வருஷம்தான். அனிமே காட்டும் செயலி அவர்களுடையது. யார் பெரியவன், யார் நல்லவன் என்று ரசிகர்கள் பின்னூட்டத்தில் போட்ட சண்டையில் செயலியே நாறிக்கொண்டிருந்தது. ஆகவே ஓர் இயந்திரம் செய்தார்கள். காட்சியைப் பார்க்கும், யார் பக்கம் எவ்வளவு எடை என்று சொல்லும். நாயகன் பச்சை, வில்லன் சிவப்பு. பெயர் எடைக்கல். ஆனால் கல்லுக்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டுமே? அதற்குத்தான் ஊர் ஊராக ரசிகர் கூட்டங்களைப் பிடித்தார்கள். காட்சி காட்சியாகப் பார்த்து, இவன் நாயகன், இவன் வில்லன், இது பலம், இது பலமில்லை என்று குறித்துக் கொடுக்க வேண்டும். கூலி, வாழ்நாள் சந்தாவும் கறுப்பு டீ-ஷர்ட்டும். நம் ஆட்கள் டீ-ஷர்ட்டுக்கே தலைகீழாக நிற்பார்கள், கேட்கவா வேண்டும்!

திருச்சி மாடியின் குறிப்புகள் கம்பெனிக்கு ரொம்பப் பிடித்துப்போயின. தெளிவாக இருந்தன. அடிபட்டு விழுந்து எழுகிறவன் பக்கம் எடை கூடும். அடிக்கும் முன்னாலோ பின்னாலோ வாயைத் திறந்து பேசுகிறவன் நாயகன், வாயைத் திறக்காமல் அடிக்கிறவன் வில்லன். கடைசி எபிசோடில் நடப்பதற்கு மற்ற எல்லாவற்றையும்விட எடை அதிகம். எல்லாவற்றுக்கும் மேலே தமயந்தியின் விதி. ஐந்து தேசத்து ரசிகர்கள் அந்த விதியை மெச்சிக்கொண்டார்கள். அவள் ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் திரிந்தாள்.

அப்புறம் நடந்ததுதான் யாரும் எதிர்பார்க்காதது. துலா அந்தக் கல்லை அப்படியே தூக்கித் தெருவில் வைத்தது. பஸ்ஸில், சந்தையில், கல்லூரி வாசலில், ஏற்கெனவே கேமரா இருந்த இடங்களில் எல்லாம் எடைக்கல் உட்கார்ந்தது. சண்டை வந்தால் யார் பக்கம் தப்பு என்று கண்மூடித் திறப்பதற்குள் சொன்னது. அதன் தீர்ப்பே தீர்ப்பென்று சர்க்காரும் ஏற்றுக்கொண்டது. போலீசுக்கும் நிம்மதி, கோர்ட்டுக்கும் நிம்மதி. முதல் வருஷம் ஊரில் அடிதடி பாதியாகக் குறைந்ததாகப் பேசிக்கொண்டார்கள்.

இரண்டாவது வருஷம் ஜனங்களுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. நம் ஜனங்களுக்கா சொல்லித்தர வேண்டும்? யாராவது தோளில் இடித்தால் போதும், தொப்பென்று விழுந்தார்கள். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல எழுந்து, கேமரா இருக்கும் திசை பார்த்து நெஞ்சு விம்ம ஏதாவது பேசினார்கள். பாலக்கரையில் இரண்டு ஸ்கூட்டர்கள் உரசிக்கொண்டதில் இரண்டு பேரும் தார்ரோட்டில் படுத்துக்கொண்டு, எவன் முதலில் எழுவது என்று வெயிலில் வெந்துகொண்டிருந்த கூத்தும் நடந்தது. மாடியில் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். தமயந்தியும் சிரித்தாள். ஆனால் சிரித்து முடித்த பிறகு அவளுக்கு என்னவோ போல் இருந்தது. அன்றைக்கு அதிகமாக நடந்தாள்.

சிரிப்பு நின்றது ஜெரால்டின் பஸ்ஸில்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பிய வண்டி, பள்ளிக்கூடம் விட்ட நேரம், புளி மூட்டையாகக் கூட்டம். பின்பக்கம் ஒரு சீருடைப் பெண். அவளை ஒட்டி ஓர் ஆள், வெள்ளை வேட்டி சட்டை, நெற்றியில் பட்டை. பெயர் சிவநேசன் என்று பிறகு தெரிந்தது. அவன் கை போன இடத்தைக் கண்ணாடியில் ஜெரால்டு பார்த்தான். பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டினான், இறங்கிப் பின்வாசல் வழியாக ஏறினான், சிவநேசனைச் சட்டையோடு முன்பக்கம் இழுத்து வந்து ஓங்கி ஓர் அறை விட்டான். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெண் அழுதுகொண்டே இறங்கிக் கூட்டத்தில் கரைந்துவிட்டாள்.

கேமரா பஸ்ஸின் முன்பாதியை மட்டும் பார்க்கிற கேமரா. பின்பாதி அதன் கண்ணுக்கு எட்டாது.

சிவநேசன் விழுந்தான். எழுந்தான். தானாக இன்னொரு முறை விழுந்தான். கம்பியைப் பிடித்து எழுந்து, கையை விரித்து நீளமாக ஏதோ பேசினான். ஜெரால்டு கையைக் கட்டிக்கொண்டு கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றான். எடைக்கல் சிவநேசனுக்குப் பச்சை போட்டது. ஜெரால்டுக்குச் சிவப்பு, அதுவும் அடர்சிவப்பு.

சிவப்பு விழுந்தவன் பொதுஜனம் ஏறும் வண்டியைத் தொடக்கூடாது. பிள்ளைகள் இருக்கும் இடத்தில், ஆஸ்பத்திரியில், வேலை பார்க்கக்கூடாது. எங்கே வேலை பார்த்தாலும் அந்த இடத்துக்குத் தகவல் தானாகப் போய்விடும். ஜெரால்டு அன்றே பஸ்ஸைவிட்டு இறக்கப்பட்டான். மேல்முறையீடு ஒரே ஒருமுறை. அந்த விசாரணையில் யாருக்குச் சிவப்பு விழுந்தாலும் ஆயுசுக்கும் சிவப்பு.

"அந்தப் பொண்ணைக் கண்டுபிடிக்கலாம்டா," என்று தமயந்தி மாடியில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். "என்ன யூனிஃபார்ம்? கலரைச் சொல்லு. நான் ஸ்கூல் ஸ்கூலாப் போயி..."

"வேணாம்."

"என்ன வேணாம்? உன் பொழப்புடா!"

"தெரியும். எந்த ஸ்கூல்னும் தெரியும். தெனம் என் வண்டியிலதான் வரும் அந்தப் புள்ள." ஜெரால்டு ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்திருந்தான். "அதைக் கூட்டிட்டு வந்து, என்னம்மா நடந்துச்சு, எங்கம்மா தொட்டான்னு கேப்பானுங்க. அந்தக் கேமராவுக்கு முன்னாடி அழ விடுவானுங்க. வேணாம். இழுக்காதீங்க."

அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி தமயந்தி கேட்டதில்லை. அதற்கு மேல் அவளால் வற்புறுத்த முடியவில்லை.

மறுநாளே விடுப்புப் போட்டுவிட்டு மேல்முறையீட்டு அதிகாரியைப் பார்க்கப் போனாள். அதிகாரி பெயர் கோமளவல்லி. ஐம்பதை ஒட்டிய பெண்மணி. மேஜையில் டிபன் டப்பா, பக்கத்தில் மருந்துப் பட்டை. தமயந்தி உட்காரக்கூட இல்லை.

"மேடம், அந்த விதிகள் தெருவுக்குன்னு போட்டதில்ல. நாங்க போட்டது. விளையாட்டுக்கு. அனிமேக்கு! கேமராவுக்குத் தெரியாதது நடக்கவே இல்லைன்னு ஆயிருமா?"

"நீங்க போட்டதாம்மா?" கோமளவல்லி கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். "அப்ப ஏம்மா அப்படிப் போட்டீங்க?"

"ஒரு... ஒரு வாதத்துல ஜெயிக்கறதுக்காக மேடம்."

அதிகாரி சிரிக்கவில்லை. "நீ சொல்றதை நான் நம்புறேன். அந்த வேட்டிக்காரன் மூஞ்சியைப் பாத்தாலே எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்துச்சு. ஆனா நான் நம்பறதைப் போட இதுல இடம் இல்லம்மா. எடையைப் பாத்துக் கையெழுத்துப் போடறதுதான் என் வேலை. விதியில தப்புன்னா கம்பெனிக்கு எழுது. பரிசீலிப்பாங்க. அடுத்த வருஷமோ, அதுக்கு அடுத்த வருஷமோ."

"விசாரணை வியாழக்கிழமை மேடம்!"

"ஆமாம்மா," என்றாள் கோமளவல்லி. "அன்னைக்கும் எடைக்கல்லோட கண்ணு பாத்துக்கிட்டுத்தான் இருக்கும். அதுதான் அவருக்குக் கடைசி. நல்லா நடந்துக்கச் சொல்லு."

தமயந்திக்குப் பொறி தட்டியது அங்கேதான். நேரே கடைக்கு ஓடினாள்.

"பாய், விசாரணைதான் கடைசி எபிசோடு! கடைசி எபிசோடுக்கு எடை அதிகம். நாமதான போட்டோம்? அங்க இவன் பச்சையானா, பஸ்ல நடந்தது அடிபட்டுப் போயிரும்."

அஸ்லம் கையில் இருந்த கைப்பேசியின் வயிற்றை மூடிவைத்தான். அவன் நிதானஸ்தன். "ஆகும். ஆனா இவன் பேசணும். அங்க நின்னு வாயைத் தொறந்து பேசணும்."

"என்ன பேசணும்?" என்றான் ஜெரால்டு.

"எதை வேணா பேசு. வாய்ப்பாடு சொல்லு. அதுக்குக் காது கெடையாதுடா. குறிக்கச் சொல்லி நமக்குக் கம்பெனிப் படம் வந்தப்ப சத்தமே இல்லாமத்தான வந்துச்சு? பிரேசில்காரனுக்கு ஒரு பாஷை, நமக்கு ஒரு பாஷைன்னு சத்தத்தை உருவிட்டுத்தான் கொடுத்தான். வாய் அசையுதா, கண்ணு கலங்குதா, நெஞ்சு நிமிருதா, அதைத்தான் பாக்கும். என்ன சொல்றேங்கறது அதுக்கு ஒண்ணுதான்."

தமயந்தி வாயில் இருந்த விரலை எடுத்தாள். "அப்ப நாம இத்தனை வருஷம் பேசுனதெல்லாம்?"

"வாய் அசைஞ்சுச்சு," என்றான் அஸ்லம்.

அன்றிலிருந்து ஜெரால்டுக்குப் பயிற்சி. மாடியில் நிற்கவைத்து, கையை இப்படி வை, தலையை அப்படித் தூக்கு, 'எனக்கு ஒரு நியாயம் வேண்டும்' என்று சொல் என்றாள் தமயந்தி. அவன் "எனக்கு ஒரு" வரை வந்து நின்றுவிடுவான். அழச் சொன்னால் சிரிப்பு வந்தது. விழச் சொன்னால் கையை ஊன்றிக்கொண்டு கவனமாக உட்கார்ந்தான். பள்ளியில் குச்சி மிட்டாய்க்காகப் புரண்டு அழும் பிள்ளைகளைப் பார்த்தபோது தமயந்திக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. ராத்திரி தூக்கம் இல்லை. சோறு இறங்கவில்லை. ஒரு நாள் வகுப்பில் கரும்பலகையில் 'அ' எழுதப்போய்ப் பாதியில் நின்றுவிட்டாள். பிள்ளைகளே எழுந்து வந்து மிச்சத்தைப் போட்டுக் கொடுத்தன.

வியாழக்கிழமை காலை. விசாரணை அறையில் ஒரு மேஜை, பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் ஒரு திரை. மேஜை ஓரத்தில் முக்காலி மேல் எடைக்கல்லின் கண். திரையில் அறையிலிருக்கும் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ஒரு கோடு. ஜெரால்டின் கோடு ஆரம்பத்திலேயே சிவப்பு. தமயந்தியும் அஸ்லமும் சாட்சி என்ற பெயரில் உள்ளே வந்திருந்தார்கள். அவர்கள் கோடுகள் மெல்லிய பச்சை. யாருக்கும் கெடுதல் செய்யாதவர்களுக்கு அதுதான் நிறம்.

சிவநேசன் தயாராகத்தான் வந்திருந்தான். உள்ளே வரும்போதே வாசற்படி தடுக்கிய மாதிரி சரிந்தான். அஸ்லம் பதறித் தூக்கப் போனான். தமயந்தி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சிவநேசன் தானே எழுந்தான். மேஜையைப் பிடித்துக்கொண்டு பேசினான். "அம்மா, நான் பேரன் பேத்தி எடுத்தவன். பொதுவாழ்க்கையில இருக்கறவன். இந்த ரௌடிப்பய என்னைய எதுக்கு அடிச்சான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலம்மா..." குரல் உடைந்தது. அவன் கோடு ஜம்மென்று ஏறியது. பழனிப் பஞ்சாமிர்தம் மாதிரி வழிந்தது பேச்சு!

"நீங்க சொல்லுங்க," என்றாள் கோமளவல்லி, ஜெரால்டைப் பார்த்து.

ஜெரால்டு வாயைத் திறந்தான். "எனக்கு ஒரு..."

தமயந்தி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பேசுடா. பேசித் தொலைடா.

அவன் சிவநேசனைப் பார்த்தான். அந்தப் பெண் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். தாடை இறுகியது. வாய் மூடிக்கொண்டது. கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டான். திரையில் அவன் கோடு கறுக்கிற அளவுக்குச் சிவந்தது.

"வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையா?" அதிகாரியின் பேனா கையெழுத்துப் போடும் தாள் பக்கம் நகர்ந்தது. "தம்பி, இதுக்கு மேல வாய்ப்புக் கெடையாது."

தமயந்தி எழுந்தாள். என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகத் தெரிந்துதான் எழுந்தாள். பள்ளியையும் நினைத்தாள். பாதி 'அ'-வை முடித்துக்கொடுத்த பிள்ளைகளை நினைத்தாள். பிறகு நேரே போய், ஜெரால்டின் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விட்டாள்.

அவன் திகைத்துப்போய்ப் பின்னால் சாய்ந்ததில் பிளாஸ்டிக் நாற்காலியின் கால் மடங்கியது. அவ்வளவு பெரிய உடம்பு தரையில் விழுந்தது.

"ஏய், என்னம்மா இது!" கோமளவல்லி எழுந்துவிட்டாள்.

தமயந்தி பதில் சொல்லவில்லை. ஜெரால்டு எழுந்தான். "தமயா, என்ன..." அவள் மறுபடி அறைந்தாள், இரண்டு கையாலும் நெஞ்சில் தள்ளினாள். அவன் சுவரில் மோதிச் சரிந்தான். எழுந்தான். மூன்றாவது அடிக்கு அவள் கைப்பையைச் சுழற்றினாள். அதில் தண்ணீர் பாட்டில் இருந்தது. அவன் உதடு கிழிந்தது. முட்டி போட்டான், மேஜையைப் பிடித்தான், மறுபடி எழுந்தான்.

திரையில் இரண்டு கோடுகள் குறுக்கே கடந்தன. ஜெரால்டினுடையது வெளுத்துக்கொண்டு மேலே வந்தது. தமயந்தியினுடையது இளம்பச்சையிலிருந்து மஞ்சளாகி, சிவக்க ஆரம்பித்தது.

ஜெரால்டு அவளைப் பார்த்தான். கோபத்தில் வாய் ஓயாதவள், சந்தோஷத்தில் வாய் ஓயாதவள், தூக்கத்தில்கூட முனகுவாள் என்று அவள் அம்மா சொல்லியிருக்கிறாள். அவள் உதடுகளை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு நின்றாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்த கணமே, கிழிந்த உதட்டை இறுக மூடிக்கொண்டான். மாட்டேன் என்று தலையை ஆட்டினான். உன்னைத் தின்று நான் பச்சையாக மாட்டேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி வாயைத் திறக்காமல் நின்றார்கள். கோடுகள் இரண்டும் அப்படியே நடுங்கிக்கொண்டிருந்தன.

"பேசுடா!" என்று அஸ்லம் பின்னாலிருந்து கத்தினான். அவன் கண்ணில் நீர். "அவ அடிச்சது அடிச்சதுதான், இனிமே அவளுக்குத் திரும்பி வர வழி கெடையாது. நீயும் மூடிக்கிட்டு நின்னேன்னா ரெண்டு பேரும் சிவப்பு. அவ செஞ்சது வீணாப்போயிரும். பேசுடா, பாவி!"

ஜெரால்டு பேசினான்.

முதலில் திக்கினான். பிறகு அணை உடைந்தது. "மேடம், இவ எனக்காகத்தான் அடிச்சா. இவ ஒரு எறும்பைக்கூட மிதிக்க மாட்டா மேடம். யூகேஜி டீச்சரு. காய்ச்சல்ல கெடந்த புள்ளைங்க வீட்டுக்கெல்லாம் போயி உக்காந்து கதை சொல்லிட்டு வருவா. எங்கப்பா செத்தப்ப யாரும் வரல, இவளும் பாயுந்தான் வந்தாங்க. நான் பேசாம இருந்தேன். எனக்கும் சேத்து இவதான் எல்லார்கிட்டயும் பேசுனா. இவளைப் போடாதீங்க மேடம் சிவப்புல. என்னையப் போடுங்க. நானே கையெழுத்துப் போடுறேன். என்னையப் போடுங்க..."

அழுதான். நெஞ்சு விம்மியது. கையை நீட்டிக் கெஞ்சினான். அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒவ்வொரு சொல்லுக்கும் அவன் கோடு பச்சையாக ஏறியது. தமயந்திக்காக அவன் எவ்வளவு வாதாடினானோ அவ்வளவும் அவன் கணக்கிலேயே போய் விழுந்தது. சிவநேசன் அவசர அவசரமாக நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் விழுந்து பார்த்தான். யாரும் அடிக்காமல் விழுந்தால் அதற்கு எடை இல்லை.

கோமளவல்லிக்குக் காது இருந்தது. அவள் எல்லாவற்றையும் கேட்டாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு தமயந்தியிடம் வந்தாள். "அம்மா, நீ ஒரு வார்த்தை சொல்லும்மா. எதுக்கு அடிச்சேன்னு. வாயைத் தொறந்தாச் சிவப்பு கொஞ்சம் எறங்கும்மா உனக்கு. முழுசா இல்லாட்டியும் கொஞ்சம் எறங்கும்."

அது தமயந்திக்கும் தெரியும். தன் சிவப்பு இறங்கினால் அவன் பச்சையும் இறங்கும் என்பதும் தெரியும். தராசு தராசுதானே. தொண்டைவரை வந்துவிட்டது பேச்சு. அடித்த கை வலித்ததைவிடப் பேசாத வாய் வலித்தது. அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

திரை ஓசையில்லாமல் முடிவைக் காட்டியது. ஜெரால்டு, பச்சை. பஸ்ஸில் நடந்ததற்குப் பக்கத்தில் 'நீக்கப்பட்டது' என்று வந்தது. கீழே புதிதாக ஒரு பெயர், தமயந்தி, சிவப்பு.

கோமளவல்லி இரண்டிலும் கையெழுத்துப் போட்டாள். முதல் கையெழுத்து ஓடியது. இரண்டாவதற்கு அவள் பேனாவை உதறி உதறிப் பார்த்தாள். பேனாவில் மை இருக்கத்தான் செய்தது. சிவநேசன் வேட்டியைத் தட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியேறினான். அவன் கோடு இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. அவனை மறுபடி எடை போட யாரும் கேட்கவில்லை.

அதிகாரி முக்காலிக்குப் பின்னால் போய் ஒரு விசையை அழுத்தினாள். கண்ணின் விளக்கு அணைந்தது. "மூடிட்டேன்," என்றாள். "இப்பப் பேசலாம்மா. எவ்வளவு வேணும்னாலும் பேசு."

அதற்குள் தமயந்தியின் பைக்குள் கைப்பேசி அடித்தது. பள்ளியின் தலைமை ஆசிரியை. தகவல் அவ்வளவு சீக்கிரம் போய்விட்டிருந்தது. அவள் பெயரைப் பார்த்தாள், எடுக்கவில்லை. அது அடித்து அடித்து ஓய்ந்தது.

சொல்வதற்கு அவளிடம் ஆயிரம் இருந்தது. சிவநேசனைப் பற்றி, கம்பெனியைப் பற்றி, ஜெரால்டு பேசியதில் இருந்த நாலு ஓட்டைகளைப் பற்றி. அவள் ஜெரால்டின் கிழிந்த உதட்டைப் பார்த்தாள். துப்பட்டா நுனியால் ரத்தத்தை ஒற்றினாள்.

"ரொம்ப வலிச்சுதாடா?" என்று கேட்டாள்.

"மூணாவதுதான் கொஞ்சம் ஓவரு," என்றான் ஜெரால்டு. அவனுக்கு அழுகை இன்னும் நிற்கவில்லை.